இத்தா வீட்டுக்கு ஏறிய தண்ணீர்

பழைய சோனகத் தெரு,
கொழும்பு 12.
14.01.1964

அன்புத் தங்கச்சி ஜெஸீமாவுக்கு நானா மக்கீன் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே சுகம். மாத்தளை வீட்டில் உன் மதினி றஸ்மியாவும் பிள்ளைகளும் சுகமென்று கடிதம் வந்தது. உன் சுகத்துக்குத்தான் ஐந்து வக்தும் துஆ கேட்கிறேன்.

உன்னைத் தனியாக விட்டு மச்சான் றஹீம் மவுத்தாகி இன்றோடு பதினொரு நாள். மூன்றாம் நாள் கத்தம் ஓதிய கையோடு நான் பஸ் ஏறியது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். இரும்புக் கடை வேலை அப்படி. முதலாளி அதற்கு மேல் லீவு தரமாட்டார்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நீ மாத்தளை வீட்டுக்கு வந்து இத்தா இரு. நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து, வெளியே இறங்காமல், அந்நிய ஆண் முகம் பாராமல் இருக்க வேண்டிய பெண், அந்த மேட்டில் தனியாக என்ன செய்வாய்? ஒரு வாய் தண்ணீருக்கு நூற்று நாற்பது படி ஓடைக்கு இறங்க வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு பிள்ளையும் இல்லை, கூடமாட நிற்க.

மச்சானுடைய நானா ஜமால்தீன் என்னோடு பேசினார். அவருடைய ஏலக்காய்த் தோட்டம் உன் காணியோடு ஒட்டியது. "தண்ணி இல்லாத மேடு, பொம்பிளைக்கு ஆகாது, நான் எடுத்துக்கிறேன்" என்கிறார். நல்ல மனிதர். யோசித்துப் பார்.

மச்சான் தண்ணீர் ஏற்றக் கொண்டுபோய் ஓடையில் கிடக்கும் அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடு. மனிதனைக் கொன்ற இரும்பு வீட்டுக்கு வேண்டாம்.

உன் நன்மையை நாடும் நானா,
மக்கீன்


இரத்தோட்டை.
22.01.1964

மரியாதைக்குரிய நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்க காயிதம் வந்து சேர்ந்துச்சு. உடம்புக்கு ஒரு குறையும் இல்ல. மனசு எப்படின்னு நீங்க கேட்கல்ல, நானும் சொல்லல்ல. அழுகையும் இருக்கு, வேலையும் இருக்கு. ரெண்டையும் ஒண்ணாத்தான் செஞ்சுகிட்டிருக்கேன்.

மாத்தளைக்கு வந்து இத்தா இருன்னு எழுதிட்டீங்க. பள்ளிவாசல் லெப்பைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? புருசன் எந்த வீட்டுல வெச்சிருந்தாரோ அந்த வீட்டுலதான் பொண்டாட்டி இத்தா இருக்கணும். இது நான் போட்ட சட்டம் இல்ல. நாலு மாசம் பத்து நாளைக்கு என்னை இங்கருந்து எழுப்ப ஜமால்தீன் மச்சானுக்கும் ஏலாது, உங்களுக்கும் ஏலாது. அவர் என்னத்த "எடுத்துக்கிறேன்"னு சொல்றாரு? இந்த ரெண்டு ஏக்கரும் என் மஹர். கல்யாணத்தன்னைக்கு றஹீம் என் பேருக்கு எழுதித் தந்தது. யார் வாய்க்கும் இது வெத்திலை இல்ல.

மனுசனைக் கொன்ன இரும்பாம்! அதை ஓடைக்குக் கொண்டு போகும்போது மழையில வழுக்கின பாறைதான் அவரைக் கொன்னுச்சு நானா. அந்தப் பாறை இன்னும் அங்கதான் இருக்கு. அதை யாருக்குப் போடச் சொல்றீங்க?

இருபது வருசம் இரும்புக் கடையில நிக்கிறீங்க, ராம் பம்ப் என்னன்னு தெரியாதுன்னா வெக்கக்கேடு. கேட்டுக்குங்க. எண்ணெய் வேண்டாம், கரண்டு வேண்டாம். ஓடையை மேல ஒரு இடத்துல மறிச்சு, பைப்பால கீழ ராமுக்குள்ள விழ விடணும். விழுற வேகத்துல வால்வு டொக்குன்னு மூடும். அடைபட்ட தண்ணிக்குப் போக வழி இல்ல, மத்தப் பைப்பால மேட்டுக்கு ஏறும். பத்துக் குடம் விழுந்தா ஒரு குடம் ஏறும், ஒன்பது குடம் ஓடைக்கே திரும்பிப் போகும். தேயிலைத் தோட்டத்து பெக்டரியில றஹீம் மெசின் பூட்டுற பிட்டரா இருந்தப்போ கழிச்சுப் போட்ட ராமைக் கேட்டு வாங்கி, ரெண்டு வருசம் துரு சுரண்டி வெச்சிருந்தார். பைப்பெல்லாம் வாங்கி அடுக்கி இருக்கு. வேணும்கிறது ரெண்டே சாமான். மூட்டுக்குச் சுத்துற சணல் ஒரு கட்டு. உள்வால்வுக்கு மூணங்குலத் தோல் வாசர், வட்டமா வெட்டின தோல், ஒண்ணு. பழசு உளுத்துப் போச்சு. என் பக்கத்து வீட்டு பீபி மாத்தளைக்குப் போய் மூணு கடை ஏறி இறங்கிட்டா, கிடைக்கல்ல. உங்க தெருவுல கிடைக்கும்.

இத்தா மே மாசம் பத்தாந் தேதி முடியுது. அதுக்குள்ள என் குசினி அடுப்படிக்குத் தண்ணி வரும். வந்தா நான் இங்கேயே இருப்பேன். வரல்லைன்னா நீங்க சொன்ன மாதிரி மாத்தளைக்கு வாறேன். இது பேச்சு.

இந்த நோன்புக்கு என்னால முழுசாப் பிடிக்க ஏலல்ல. வைத்தியர் குளிகை தந்திருக்கார். விட்ட நோன்பை அப்புறம் களா பிடிச்சுக்குவேன். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம்.

ஜெஸீமா


கொழும்பு 12.
08.02.1964

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நான் சுகம். நோன்பு பிடிக்க முடியாத அளவுக்கு உனக்கு என்ன சுகவீனம்? எழுது.

லெப்பையிடம் கேட்டேன். நீ சொன்னது சரிதான். அங்கேயே இத்தா இரு.

சணல் ஒரு கட்டும், பெருநாளைக்கு ஈத்தம்பழம் இரண்டு இறாத்தலும் அனுப்பியிருக்கிறேன். தோல் வாசர் கிடைக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. எந்தக் கடையிலும் இல்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

மே பத்தாந் தேதி நானே வருகிறேன்.

நானா,
மக்கீன்


இரத்தோட்டை.
20.02.1964

நானாவுக்கு,

ஸலாம். பெருநாள் சுகமாக் கழிஞ்சதா? எனக்கு வெள்ளைச் சேலையோட கழிஞ்சுது. ஈத்தம்பழம் நல்ல இனிப்பு. வால்வுக்குள்ள வெச்சுப் பார்த்தேன், பிடிக்கல்ல.

கோவிக்காதீங்க, பகிடி. சணல் வந்ததே பெரிய உதவி. நான் சும்மா இருக்கல்ல. பெக்டரியில அவரோட வேலை செஞ்ச நாலு பேர் போன ஞாயித்துக்கிழமை வந்து, ஓடையில கிடந்த ராமைத் தூக்கி சிமெந்துப் படுக்கையில உக்கார வெச்சாங்க. அவங்க என்னைக் காணல்ல, நானும் அவங்களைக் காணல்ல. பீபிதான் நடுவுல ஏறி இறங்கினா. நான் வாசலுக்குள்ள நின்னு ஒரு கேள்வி கேட்டா, அவ நூத்தி நாப்பது படி இறங்கிக் கேட்டு, நூத்தி நாப்பது படி ஏறிப் பதிலோட வருவா. நாலு கேள்விக்கு அப்புறம், "ராத்தா, இனி எல்லாக் கேள்வியையும் யோசிச்சு மொத்தமா கேளுங்க, நான் ஆடு இல்ல"ன்னுட்டா.

அந்தப் படியைப் பத்திச் சொல்றேன். குடத்தோட ஏறினா மூணு இடத்துல மூச்சு விடணும். முதல் மூச்சு கித்துள் மரத்தடி. ரெண்டாவது வழுக்குப் பாறை. மூணாவது மிளகு வேலி. நம்ம உம்மா கல்யாணத்துக்குச் சீரா தந்த செம்புக் குடத்தோட ஒன்பது வருசம், ஒரு நாளைக்கு ஏழு நடை ஏறினேன். வழுக்குப் பாறையில நான் எத்தனை தடவை உக்கார்ந்திருப்பேன்னு அந்தப் பாறைக்குத்தான் தெரியும். இப்ப பீபி தூக்கித் தாறா. என்னைக் குடத்துல கை வெக்கவே விடுறா இல்ல.

வாசர் கிடைச்சா உடனே அனுப்புங்க. மதினிகிட்டச் சொல்லி ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்க. வாய்க்கு ருசியா ஒண்ணுமே பிடிக்கல்ல.

ஜெஸீமா


இரத்தோட்டை.
19.03.1964

நானாவுக்கு,

ஸலாம். ஒரு மாசமா உங்க காயிதம் இல்ல. ஊறுகாய் வந்துச்சு, அதுல மதினி எழுதின நாலு வரியால நீங்க உயிரோட இருக்கிறது தெரியும். அல்ஹம்துலில்லாஹ்.

இங்க நடந்த கூத்தைக் கேளுங்க. தண்ணித் தாங்கி கட்ட மேசன் முத்தலிப் பாஸைப் பிடிச்சேன். பள்ளிவாசல்ல தொழ முன்ன கை கால் கழுவுற ஹவுல் கட்டின கை. தாங்கியைக் குசினிக்கு மேல, கூரை உயரத்துல இருக்கிற பாறையில கட்டணும், அப்பத்தான் தண்ணி தானா இறங்கி குசினிக்கு வரும்னு பீபியால சொல்லி விட்டேன். மனுசன் தலையாட்டிட்டு வேலையைத் தொடங்கினார். பத்து நாள் கரண்டிச் சத்தம் கேட்குது. எனக்கு என்னமோ அந்தச் சத்தம் காலுக்குக் கீழ இருந்து வாற மாதிரி இருந்துச்சு.

பீபியைக் கேட்டேன், "தாங்கிக்குப் பக்கத்துல நின்னா உனக்கு நம்ம வீட்டுக் கூரை தெரியுதா, வாசப்படி தெரியுதா?"

"வாசப்படிதான் ராத்தா. அதுவும் அண்ணாந்து பார்க்கணும்."

தலையில கை வெச்சு உக்கார்ந்துட்டேன். வீட்டுக்கு இருபது அடி கீழ, மிளகு வேலியோரம் கட்டி முடிச்சிருக்கார்! ஏன்னு கேட்டா, இத்தா இருக்கிற பொம்பிளை வீட்டுக்கு மேல நின்னு வேலை செஞ்சா முற்றம், குசினி எல்லாம் பார்வை படும், அந்தப் பாவம் தனக்கு வேண்டாமாம். அதனால மரியாதையாக் கீழ கட்டினாராம். மரியாதை நல்லாத்தான் இருக்கு. தண்ணிக்கு மரியாதை தெரியாதே, அது இருபது அடி ஏறி வந்து என் பானையில விழுமா?

"உடைங்க"ன்னு சொல்லி விட்டேன். "பத்து நாள் வேலை"ன்னார். "பத்து நாளும் கூலி தந்தாச்சு, உடைங்க"ன்னேன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிட்டு வரல்ல. அந்த ரெண்டு நாளும் நானும் பீபியும் வீட்டுல இருந்த படுக்கைச் சீலை, மிளகு காய வைக்கிற சாக்கு எல்லாத்தையும் கோத்து முற்றத்தைச் சுத்தி மறைப்புக் கட்டினோம். மூணாம் நாள் மனுசன் வந்தார். சாக்கு போதாதுன்னு ஒரு கறுப்புக் குடையைக் கொண்டு வந்து, தனக்கும் வீட்டுக்கும் நடுவுல மண்ணுல குத்தி வெச்சுக்கிட்டு, அதுக்கு மறைவுல கல்லு வைக்கிறாராம். பீபி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. றஹீம் போனதுக்கப்புறம் நான் அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

தாங்கி இந்த மாசக் கடைசியில முடியும். வாசர் என்னாச்சு? ஒரு வரி எழுதுங்க.

ஜெஸீமா


கொழும்பு 12.
28.03.1964

தங்கச்சிக்கு,

ஸலாம். நான் சுகம்.

ஜமால்தீன் மச்சான் கொழும்புக்கு வந்தபோது கடைக்கு வந்தார். நீ ஆள் வைத்து வேலை வாங்குவதும், கட்டியதை உடைப்பதும் ஊர் முழுக்கப் பேச்சாம். இத்தா இருக்கிற பெண்ணின் குரல் மிளகு வேலி வரை கேட்கிறதாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

காணியைத் தருவதாக நான் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். மே பத்தில் லொறியோடு வருகிறேன். சாமான்களைக் கட்டி வை. வாசரைப் பற்றி இனி எழுதாதே. அது கிடைக்காது.

மாத்தளை வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். றஸ்மியாவுக்கும் கை உதவியாக இருக்கும். நீ தனியாக இருந்து எதைச் சாதிக்கப் போகிறாய்?

மக்கீன்


இரத்தோட்டை.
09.04.1964

நானாவுக்கு,

ஸலாம். நீங்க சுகம்னு எழுதினீங்க, சந்தோசம். நானும் சுகம்.

என் குரல் மிளகு வேலி வரைக்கும் கேட்குதுன்னா, ஜமால்தீன் மச்சான் மிளகு வேலிக்கிட்ட வந்து நின்னிருக்கார்னு அர்த்தம். இத்தா வீட்டு வேலியில அவருக்கு என்ன வேலைன்னு கேட்டீங்களா? எனக்குச் சொந்தமானதுக்கு நீங்க எப்படி வாக்குக் கொடுப்பீங்க? நான் கேட்காம உங்க கடைச் சாமானை ஒருத்தருக்குத் தாறேன்னு சொன்னா உங்க முதலாளி சும்மா இருப்பாரா?

இப்ப நல்ல சேதி. வாசர் கிடைக்காதுன்னு நீங்க சொன்னதால நான் றஹீமோட பெருநாள் செருப்பை எடுத்தேன். ரெண்டே தடவை போட்டது. எடுத்து மடியில வெச்சுக்கிட்டு பின்னேரம் அஸருலருந்து இருட்டுற மஃரிப் வரைக்கும் உக்கார்ந்திருந்தேன். அப்புறம் அவரே இருந்தா வெட்டித் தந்திருப்பார்னு நினைச்சு, பழைய வாசரை மேல வெச்சுக் கோடு போட்டு வெட்டினேன். எண்ணெயில ஊற வெச்சு பெக்டரி ஆளுகிட்டக் கொடுத்து விட்டேன்.

ஏப்ரல் ரெண்டு, வியாழக்கிழமை. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு இருந்தேன். கீழ இருந்து டொக். கொஞ்சம் பொறுத்து டொக். அப்புறம் நிக்கவே இல்ல. தொழுகையில எத்தனாவது ரக்அத்துன்னு மறந்து போச்சு, அல்லாஹ் மன்னிக்கணும். அஸருக்குக் கொஞ்சம் முன்னால குசினிக் குழாய் இருமிச்சு, காத்து விட்டுச்சு, செங்கல் நிறத்துல தண்ணி வந்துச்சு, அப்புறம் நல்ல தண்ணி. நானும் பீபியும் குழாயடியில உக்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தோம். சோறு அடுப்புல கரிஞ்சுது.

மூணு நாள் வந்துச்சு நானா. ஞாயித்துக்கிழமை செருப்புத் தோல் உப்பிக் கிழிஞ்சு போச்சு. சத்தம் நின்னுட்டுது. வீடு மறுபடி மவுத்து வீடு மாதிரி ஆயிட்டுது.

ஏறும்னு இப்ப எனக்குத் தெரியும். சரியான வாசர் ஒண்ணுதான் பாக்கி. லொறியோட வாறதுன்னா வாங்க. ஆனா ஒண்ணு. கீழ ஓடையில பீபி அந்தச் செம்புக் குடத்தோட நிப்பா. அதை நிரப்பித் தோள்ல வெச்சுக்கிட்டு ஏறி வாங்க. மேல வந்து சேர்ந்ததும் என்ன வேணும்னாலும் பேசுங்க, கேட்கிறேன்.

ஜெஸீமா


கொழும்பு 12.
25.04.1964

தங்கச்சிக்கு,

ஸலாம். உன் பிடிவாதம் வாப்பாவுடைய பிடிவாதம். லொறி பேசியாகிவிட்டது. பத்தாந் தேதி காலை பத்து மணிக்கு ஜமால்தீன் மச்சானும் நானும் அங்கே இருப்போம். இத்தா முடிந்த பிறகு சட்டம் சொல்லித் தப்ப முடியாது.

மக்கீன்


இரத்தோட்டை.
01.05.1964

நானாவுக்கு,

ஸலாம். உடம்பு சுகம்தான். இந்தக் காயிதத்தைக் கடையில நின்னு வாசிக்காதீங்க, ஒரு இடத்துல உக்கார்ந்து வாசிங்க.

லொறியை நிப்பாட்டுங்க. பத்தாந் தேதி என் இத்தா முடியாது. வயித்துல புள்ளை இருக்கிற பொம்பிளைக்கு இத்தா எப்ப முடியும்னு லெப்பைகிட்டக் கேளுங்க. புள்ளை பிறந்தாத்தான் முடியும். எனக்கு ஆறு மாசம்.

நாலு மாசமா ஏன் மறைச்சேன்னு கேட்பீங்க. சொல்லியிருந்தா அன்னைக்கே என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீங்க. இனி மறைக்க ஏலாது. எல்லாத்தையும் சொல்றேன்.

ஐம்பத்தெட்டுலயும் அறுபத்தொண்ணுலயும் நான் மாத்தளைக்கு வந்து பத்துப் பத்து நாள் படுத்துக் கிடந்தேன், நினைவிருக்கா? காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் இல்ல. ரெண்டு தடவையும் வழுக்குப் பாறையில, குடம் தோள்ல இருக்கும்போதே, கலைஞ்சு போச்சு. ரெண்டாவதுக்கு நாலு மாசம். அன்னைக்குக் குடத்தைக் கீழ வெச்சுட்டு உக்கார்ந்தவ, எழும்ப ஏலாம அங்கேயே இருந்தேன். றஹீம் வேலை முடிஞ்சு வந்துதான் தூக்கிக்கிட்டுப் போனார். உங்க யாருக்கும் சொல்ல வேண்டாம்னு நான்தான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். மலடின்னு ஊர் சொன்னதையும் கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் அவர் அந்த ராமைக் கேட்டு வாங்கி வந்தார்.

போன டிசம்பர் கடைசியில மூணாவதைச் சொன்னேன். சொன்ன கிழமையே ஓடைக்கு இறங்கினார். மழை விடட்டும்னேன். "நீ இன்னொரு குடம் தூக்க நான் விடமாட்டேன்"னு சொல்லிட்டு மழையிலேயே இறங்கினார். நான் சொல்லாம இருந்திருந்தா அவர் இருந்திருப்பார். இதை நினைக்காத நாள் எனக்கு இல்ல.

அதனால இந்த ராம் ஓடணும். ஓடாம நான் இங்கருந்து இறங்கினா அவர் எதுக்குச் செத்தார்? நீங்களும் ஜமால்தீன் மச்சானும் பத்து லொறி கொண்டு வந்தாலும் நான் எழும்ப மாட்டேன். புள்ளை பிறக்கும், இங்கதான் பிறக்கும், அதுக்கு ஊத்துற தண்ணி குழாயில வரும்.

மதினிக்கு ஸலாம்.

ஜெஸீமா


கொழும்பு 12.
20.05.1964

என் அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமென்று எழுதக் கை வரவில்லை.

பத்தாந் தேதி உன் வீட்டில் நான் அரை மணி நேரத்திலேயே எழுந்து போனது உனக்குக் கோபமாக இருந்திருக்கும். நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

லொறியை இரத்தோட்டைச் சந்தியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். ஜமால்தீன் மச்சானிடம், நான் கொடுத்த வாக்கு எனக்குச் சொந்தமில்லாத வாக்கு என்று சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஓடையில் பீபி குடத்தோடு நின்றாள். "ராத்தா சொன்னது" என்று கையில் தந்தாள். உம்மாவின் குடம். நிரப்பித் தோளில் வைத்து ஏறினேன். கித்துள் மரத்தடிக்கு வரும்போதே சட்டை நனைந்துவிட்டது. வழுக்குப் பாறையில் குடத்தை இறக்கி வைத்து உட்கார்ந்தேன். அது எந்த இடமென்று அப்போதுதான் நினைவு வந்தது. நான் ஆண் பிள்ளை, ஒரே ஒரு குடம், வெறும் வயிறு. எவ்வளவு நேரம் அங்கே அழுதேன் என்று பீபியிடம் கேட்டுக்கொள். மேலே வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது. நீ அதை வாங்கிப் பானையில் ஊற்றினாய். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பார்சலில் மூன்றங்குலத் தோல் வாசர் நாலு இருக்கிறது. ஒன்று மட்டும் புதிதாக வாங்கியதல்ல. அது பெப்ரவரி மூன்றாந் தேதியே கிடைத்துவிட்டது. கடையில் என் மேசை லாச்சிக்குள் மூன்றரை மாதம் கிடந்தது. கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதிய நாளிலும் அது என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தண்ணீர் வராவிட்டால் நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன் மேலுள்ள பயம் பாதி, றஸ்மியாவுக்குத் துணை கிடைக்கும் என்ற சுயநலம் பாதி. நீ மச்சானுடைய செருப்பை வெட்டினாய் என்று வாசித்த இரவும் அது உள்ளேதான் இருந்தது. என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ, வாசரை மட்டும் போட்டுவிடு.

உன் நானா,
மக்கீன்


இரத்தோட்டை.
20.08.1964

அன்புள்ள நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மூணு மாசமா நான் பதில் போடல்ல. வேணும்னுதான் போடல்ல. லாச்சிக்குள்ள மூணரை மாசம் கிடக்கிறது எப்படி இருக்கும்னு உங்களுக்கும் தெரியணும். இப்ப போதும், மன்னிச்சுட்டேன்.

பார்சல் வந்த மறுநாளே பெக்டரி ஆளுங்க வாசரைப் போட்டுட்டாங்க. மே இருபத்தேழுல இருந்து ராம் ஒரு நிமிசம் நிக்கல்ல. ஆகஸ்ட் அஞ்சு, புதன்கிழமை விடியக்காலை ஸுபஹுக்கு மகள் பிறந்தா. அல்ஹம்துலில்லாஹ், தாயும் புள்ளையும் சுகம். மருத்துவிச்சி "தண்ணி எங்க, தண்ணி எங்க"ன்னு பழக்கத்துல சத்தம் போட்டா. பீபி குழாயைத் திறந்து விட்டா. அவ கையைக் கழுவிட்டு, "இந்த மேட்டுல நான் தண்ணி கேட்டதும் வந்தது இதுதான் முதல் தடவை"ன்னா. நான் அழுதுட்டேன். றஹீமும் கேட்டிருக்கணும்.

புள்ளை பிறந்த அந்த நொடியே இத்தா முடிஞ்சுது. வெளியில பாயலாம்னு பார்த்தா, நாப்பது நாள் படுக்கை தொடங்கிட்டுது. ஆகக்கூடி அந்த ராம் ஓடுறதை நான் இன்னும் கண்ணால காணல்ல. காதால மட்டும்தான் தெரியும். மகளுக்கும் அப்படித்தான். சத்தம் கேட்டாத்தான் தூங்குறா.

ஜமால்தீன் மச்சான் ஆள் அனுப்பினார். ராவும் பகலும் டொக்கு டொக்குன்னு கேட்டு அவருக்கு நித்திரை இல்லையாம், நிப்பாட்டணுமாம். தாராளமா நிப்பாட்டட்டும்னு சொல்லி விட்டேன். ஓடைக்கு இறங்கி வால்வைக் கையால அமுக்கிப் பிடிச்சாப் போதும், நின்னுடும். கையை எடுத்தா மறுபடி ஓடும். அதனால அங்கேயே இருக்கணும், இல்லாட்டி நூத்தி நாப்பது படி திரும்பி ஏறணும். எது வசதியோ அவரே முடிவு பண்ணட்டும்.

மதினி காயிதம் போட்டிருக்காங்க. நாப்பதுக்கு வரும்போது புள்ளைக்குச் சீரா ஒரு செம்புக் குடம், உம்மா எனக்குத் தந்த மாதிரியே, கொண்டு வாறதாச் சொல்லியிருக்காங்க. அந்தப் பழைய குடத்தை முத்தலிப் பாஸைக் கூப்பிட்டு அடியில மூணு ஓட்டை போடச் சொன்னேன். "நல்ல குடம், பாவம்"னு அரை மணி நேரம் புலம்பிட்டுப் போட்டார், குடைக்குப் பின்னால இருந்துதான். மண்ணு நிரப்பி மிளகுக் கொடி நட்டு வாசல்ல வெச்சிருக்கேன். துளிர் விட்டிருக்கு.

நீங்களும் வாங்க, மதினியும் புள்ளைகளும் வாங்க. சட்டை, தொட்டில், ஊறுகாய், என்ன வேணும்னாலும் கொண்டு வாங்க. என் மகளுக்குக் குடம் மட்டும் கொண்டு வர வேண்டாம்.

உங்க தங்கச்சி,
ஜெஸீமா